வேன்காரர் நம்பர்

எனக்கு வயசு எழுபத்து மூன்று. வளர்த்தது ஆறு பேரை. நாலு நான் பெத்தது. ரெண்டு, என் தங்கச்சி கண்ணை மூடியபோது என் இடுப்புக்கு வந்தது. ஆறும் நல்லபடியாக இருக்கிறது, யார் வாசலிலும் போய் நிற்காமல் சோறு தின்கிறது. பெருமையாகத்தான் சொல்கிறேன். அப்படிச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று எங்கள் பாஸ்டர் ஐயா சொல்வார். அவருக்கு வளர்க்க ஒன்றே ஒன்றுதான், அதுவும் ஹாஸ்டலில்.

மூன்றாவது வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். எழுத்து மறந்துபோகாமல் இருந்தது பெரிய எழுத்து பைபிளால். மெதுவாக வாசிப்பேன், அதைவிட மெதுவாக எழுதுவேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மத்தியானம் ஆகும். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. பெரிய பேத்தி காலேஜுக்கு எழுதிப்போட்டதைப் பற்றி எழுத வேண்டும். எல்லாம் எங்கள் வீட்டு வாசலிலேயே நடந்தது. நடந்தபோது எங்களுக்குத் தெரியவில்லை.

எங்கள் வீடு வல்லம் வடகால் கம்பெனி எஸ்டேட்டை ஒட்டினாற்போல. மாடியில் ரூம் கட்டி, கம்பெனி வேலைக்கு வந்த பெண்பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். என் கடைசி மகன் ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் லைனில் நிற்கிறான். மருமகள் இன்னொரு கம்பெனியில் கூட்டித் துடைக்கிற வேலை. அவர்களுக்கு ரெண்டு பெண்கள். பெரியது, சின்னது என்றே எழுதுகிறேன். பெயர் எதற்கு.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் தெருவில் ஷிப்ட் நேரத்தில் யார் கையிலும் போன் கிடையாது. வாங்க வக்கில்லாமல் இல்லை. கம்பெனி கேட்டிலேயே போனை வாங்கி லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். உள்ளே போட்டோ எடுத்துவிடுவோமாம். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால்தான் கைக்கு வரும். கம்ப்யூட்டர் கடையில் எதற்கு எழுதிப்போட்டாலும், ரேஷன் கார்டோ கேஸ் சிலிண்டரோ, "ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்பான். அது லாக்கருக்குள் வந்து கிடக்கும். கொஞ்ச நேரத்தில் செல்லாமல் போய்விடும். மறுபடி முதலிலிருந்து. இதற்குத் தெருவே சேர்ந்து ஒரு வழி வைத்திருந்தது. வேன்காரர் நம்பரைக் கொடுத்துவிடுவது.

வேன்காரர் என்றால் ஓட்டுகிறவர் இல்லை, டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறவர். கம்பெனிகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிற காண்ட்ராக்டரிடம் வேலை. செல்போனுக்கு உள்ளே வைக்கிற சாமான் செய்கிற கம்பெனிகளுக்குப் பிளஸ் டூ முடித்த பெண்பிள்ளைகளாகப் பார்த்துச் சேர்ப்பார். ஆள் சேர்த்தால் அவருக்கு ஏதோ கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் தப்பாக நினைத்ததில்லை. நல்லது கெட்டதுக்கு முதலில் வந்து நிற்பார். என் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வந்திருக்கிறார். அவர் போன் எப்போதும் அவர் கையில் இருக்கும். அவரை எந்த லாக்கரும் பூட்டாது.

பெரியது பத்தாவதில் நல்ல மார்க். பள்ளிக்கூடத்தில் கைதட்டிக் கூப்பிட்டார்கள், நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். பிளஸ் டூ வருஷம் அதற்கு மஞ்சள் காமாலை வந்தது. கண்ணெல்லாம் எலுமிச்சைப் பழம். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, மோரும் சோறுமாகப் படுக்க வைத்தோம். எழுந்து பள்ளிக்கூடம் போனபோது பாடம் எங்கேயோ போய்விட்டிருந்தது. புஸ்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்கும். கணக்கு டீச்சர் ஆகணும் என்று சொல்லிக்கொண்டிருந்தது அந்த வருஷம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

ரிசல்ட் வந்த அன்று காலையில் பேத்திகள் ரெண்டும் கம்ப்யூட்டர் கடைக்குக் கிளம்ப செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். வேன் வந்து நின்றது. வேன்காரர் ஸ்வீட் டப்பாவோடு இறங்கினார்.

"பாஸ், ஆயா! கவலையே படாதீங்க. மார்க்குதான் கொஞ்சம் கம்மி. கணக்குல தட்டுத்தடுமாறி மேல வந்துகீது."

பெரியது ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றது. "உங்களுக்கு எப்படிண்ணா தெரியும்?"

"நம்பர் யாருது? பள்ளிக்கூடத்துல என் நம்பர்தானே குடுத்துகீறீங்க. மொதல்ல எனக்குத்தான் வரும்." சிரித்தார். "இந்தத் தெருவுல இன்னிக்கு எல்லாப் புள்ளைங்க மார்க்கும் என் பாக்கெட்டுலதான்."

நாங்களும் சிரித்தோம். ஸ்வீட்டை வாங்கி வைத்தேன். அந்த மார்க்கு பாஸ் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிற மாதிரி மார்க்கு. ஞாயிற்றுக்கிழமை சபையில் பாஸ்டர் ஐயா பாஸ் பண்ணின பிள்ளைகளை முன்னால் கூப்பிட்டு ஜெபம் பண்ணியபோது பெரியது என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது. மார்க்கைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுவார்கள், அதனால்.

என் மகன்தான் விடவில்லை. "வேலையெல்லாம் நான் பாக்கறது போதும். மார்க் கம்மினா கவர்மெண்ட் ஆர்ட்ஸ் காலேஜ் கீது. எழுதிப் போடு. கணக்கே கேளு" என்றான்.

மருமகளுக்கு லீவு கிடைக்கவில்லை. வேன்காரரே சொன்னார், "கடைக்கு எதுக்கு அலையணும்? நானே போட்டுத் தரேன். தங்கச்சி மாதிரி." வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் போனிலேயே தட்டினார். பெரியது பக்கத்தில் நின்று மார்க் சொல்லியது. நம்பர் அவருடையது, பாஸ்வேர்டும் அவரே ஏதோ போட்டார். மருமகள் ஷிப்டிலிருந்து வந்ததும் அவருக்கு நல்ல காபியாகப் போட்டுக் கொடுத்தாள்.

"மெசேஜ் வந்ததும் சொல்றேன். ஆனா ஒண்ணு, இந்த மார்க்குக்கு வரும்னு நெனைச்சுக்கினு ஒக்காராதே, பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வேன் எங்கள் வாசலில் நிற்க ஆரம்பித்தது. முன்பெல்லாம் தெருமுனையில்தான் நிற்கும். வெயில் என்றார், நிழலுக்கு என்றார். எங்கள் வாசலில் மரமே கிடையாது. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருக்கிற பெண்பிள்ளைகள், கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, எங்கள் வீட்டைப் பார்க்கும். சிலது கண்ணைத் திறந்தபடியே தூங்குகிற மாதிரி இருக்கும்.

"மெசேஜ் வந்ததாண்ணா?" என்று பெரியது கேட்கும்.

"இன்னும் லிஸ்டே போடல பாப்பா."

ஒரு நாள் ஒரு டப்பா கொண்டு வந்தார். உள்ளே கறுப்பு ஷூ. கம்பெனிக்குள் போட்டுக்கொள்கிறது. "சும்மா போட்டுப் பாரு" என்றார். பெரியது போட்டது. அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

"சைஸ் எப்படித் தெரியும் உனக்கு?" என்று நான் கேட்டேன்.

"வாசல்ல செருப்பு கெடக்குதே ஆயா. தெனமும் பாக்கறேனே."

ஷூவைக் கழற்றி டப்பாவில் வைத்து அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை. "இருக்கட்டும் ஆயா, வேன்லயே வெச்சிருக்கறேன். எங்க போவப்போவுது" என்றார்.

ஏரியாவில் மற்ற தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் காலேஜ் கூப்பிட்டுவிட்டது என்று பேச்சு வந்தது. எங்களுக்கு இல்லை. பெரியதுக்குச் சோறு குறைந்துபோய், மறுபடி காமாலையோ என்று நான் தினமும் அதன் கண்ணை விரித்துப் பார்ப்பேன். மருமகள் மெல்லச் சொன்னாள், "அத்தை, வேன்காரண்ணன் சொல்றாரு, ஒரு வருஷம் கம்பெனிக்குப் போய்ட்டு வரட்டும்னு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." பெரியது "சரிம்மா" என்றது. அது சரி என்று சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஜுரத்தில் கிடக்கிறவர்கள் அப்படித்தான் எல்லாவற்றுக்கும் சரி என்பார்கள். திங்கட்கிழமை அனுப்புவதாகப் பேச்சு.

மாடி ரூமில் ஒரு பெண், தென்காசிப் பக்கம். மூன்று வருஷமாக இங்கே. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். பகலில் தூங்கி எழுந்து கஞ்சி வடிக்க வரும். அந்த வெள்ளிக்கிழமை தண்ணீர் பிடிக்க வந்தது, பெரியது மூலையில் உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது.

"ஏன் ஆச்சி, பிள்ள மொகம் வாடிக் கெடக்கு?"

"காலேஜுல கூப்பிடல. திங்கக்கிழமை வேன்ல போவுது."

"யாரு போட்டுக் குடுத்தா அப்ளிகேஷன்?"

"வேன்காரர்தான். அவர் நம்பருலதான்."

குடம் நிறைந்து வழிந்தது. அந்தப் பெண் குழாயை மூடவில்லை.

"எனக்கும் அவியதான் போட்டுக் குடுத்தாவ, ஆச்சி. எங்க ஊருக்கு ஆள் எடுக்க வந்திருந்தப்ப. நர்ஸிங்குக்கு. அவிய நம்பருதான். மெசேஜ் வரும், வரும்னாவ. அதுவரைக்கும் சும்மா இருக்காதன்னு வேன்ல ஏத்திட்டு வந்தாவ." குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தது. "என் ரூம்ல இருக்க இன்னொருத்திக்கும் அப்படித்தான். ஒருத்திக்கும் மெசேஜ் வரலங்கது எனக்கு இப்பதான் உறைக்கி. இத்தன நாளும் மார்க்குதான் பத்தலன்னு நெனச்சேன்."

பெரியது எழுந்து வந்தது. அந்தப் பெண்ணின் போனை வாங்கி, எழுதிப்போட்ட இடத்துக்குள் போகப் பார்த்தது. பாஸ்வேர்டு கேட்டது. மறந்துபோச்சு என்று அமுக்கினால், "உங்கள் நம்பருக்கு அனுப்பியிருக்கிறோம்" என்றது. எந்தக் கதவைத் தட்டினாலும் அவர் பாக்கெட்டுக்குள்தான் திறந்தது.

"அனுப்பிட்டோம்னு வருது ஆயா. இப்ப அவருக்குப் போயிருக்கும். நான் தேடுறேன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

கொஞ்ச நேரத்தில் வேன் வந்து வாசலில் நின்றது. அந்த நேரத்துக்கு அது வருகிறதே இல்லை. யாரும் இறங்கவில்லை. கண்ணாடி ஏற்றியிருந்தது, வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. நான் கதவைத் தாழ் போட்டேன். பட்டப்பகலில் இந்த வீட்டுக் கதவை நான் தாழ் போட்டது அதுதான் முதல் தடவை.

மகன் வந்ததும் சொன்னேன். அவன் சத்தம் போடுவான் என்று நினைத்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "நாளைக்கு லீவு போட்டா லைன்லேருந்து எடுத்துருவான்மா. எங்க காண்ட்ராக்டரும் அவங்க ஆளுதான்" என்றான்.

"நீ லைன்ல நில்லு. நான் கூட்டிக்கினு போறேன்" என்றேன். சனிக்கிழமை காலேஜ் திறந்திருக்கும் என்று மாடிப் பெண் சொல்லியிருந்தது.

காலையிலேயே கிளம்பி, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போகிற ஷேர் ஆட்டோவுக்காக நின்றோம். சர்டிபிகேட் எல்லாம் பைபிள் பையில், என் கையில். ஆட்டோ வருவதற்கு முன்னால் வேன் வந்தது.

"எங்க ஆயா, இவ்ளோ காலையில?"

"ஆஸ்பத்திரிக்கு. இதுக்குக் கண்ணு மஞ்சளா கீது."

வேன்காரர் பெரியதின் கண்ணை உற்றுப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. "ஏறுங்க, எறக்கி விடறேன். சீட்டு காலியாத்தான் கீது."

"வேன்ல ஏறுனா எனக்கு வாந்தி வரும்பா. உன் சீட்டெல்லாம் நாறிப்பூடும்."

உள்ளே இருந்த ஒரு பெண் சிரித்துவிட்டது. அவர் திரும்பிப் பார்த்தார், சிரிப்பு நின்றது.

"அப்ப நீங்க ஆட்டோவுல வாங்க. பாப்பாவ மட்டும் ஏத்திக்கறேன். வாம்மா." கதவு தானாகத் திறந்து பின்னால் நகர்ந்தது. பெரியது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டது, நாலு வயசில் பிடித்த மாதிரி.

"அது என்கூடத்தான் வரும்" என்றேன்.

அவர் சிரித்த முகம் மாறவே இல்லை. "திங்கக்கிழமை பாக்கலாம்" என்றார். கதவு மூடியது. ஆட்டோவில் போகிற வழியெல்லாம் அது எங்கள் பின்னால் வந்தது, முந்திப் போகவும் இல்லை. ஸ்டேஷன் ரோட்டில் திரும்பிய பிறகுதான் காணவில்லை.

ரயில் ஏறி செங்கல்பட்டில் இறங்கினோம். காலேஜ் ஆபீஸில் ஒரு அம்மா, கண்ணாடி போட்டவர், கம்ப்யூட்டரில் பெரியதின் பெயரைத் தேடினார். நெற்றியைச் சுருக்கினார்.

"உன்னைத்தான் கூப்பிட்டோமே. ரெண்டு தடவை மெசேஜ் போயிருக்கு. நீ வரலைன்னதும் நானே போன் பண்ணினேன்."

"யார் மேடம் எடுத்தாங்க?"

"ஆம்பளைக் குரல். அண்ணன்னு சொன்னார். பொண்ணு வேலைக்குச் சேர்ந்துடுச்சு, சீட்டு வேணாம், அடுத்தவங்களுக்குக் குடுத்துடுங்கன்னார். நான்கூடக் கேட்டேன், கணக்கு சீட்டு, யோசிச்சுச் சொல்லுங்கன்னு. யோசிச்சாச்சுன்னார்."

பெரியது அந்த அம்மாவின் மேஜையைப் பிடித்துக்கொண்டது. நான் கேட்டேன், "அந்த சீட்டு இப்ப?"

"அடுத்த பொண்ணுக்குக் குடுத்தாச்சும்மா. அது வந்து சேர்ந்துடுச்சு."

அந்த அடுத்த பெண்ணை நான் திட்ட முடியாது. அதற்கும் ஒரு ஆயா இருப்பாள். நான் அந்த அம்மாவிடம் கெஞ்சவில்லை. எனக்குக் கெஞ்சத் தெரியாது, ஆறு பேருக்காகவும் நான் கெஞ்சினதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "எது மிச்சம் கீதோ அதைச் சொல்லுங்க. இது திங்கக்கிழமை அந்த வேன்ல ஏறக் கூடாது" என்றேன். வேன் என்றால் என்ன என்று அவர் கேட்டார். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். நெடுநேரம் வரவில்லை. பெரியது சுவரைப் பார்த்துக்கொண்டு, "இனிமே எது குடுத்தாலும் கணக்கு இல்ல ஆயா" என்றது.

"உயிரோட ஒரு பெஞ்சுல ஒக்காரு மொதல்ல" என்றேன்.

அந்த அம்மா திரும்பி வந்தார். வரலாறு ஒரு சீட்டு இருக்கிறது, இப்போதே சேர்ந்தால் உண்டு என்றார். பெரியது தலையாட்டியது. ஜுரத்துச் சரி இல்லை இது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன சரி.

"நம்பரை மாத்தணும். யார் நம்பர் போடட்டும்?"

பெரியது என்னைப் பார்த்தது. "அப்பா நம்பர்தான். ஆனா அது லாக்கர்ல இருக்கும் மேடம்."

"இருக்கட்டும். பூட்டுத் தொறந்தா உங்கப்பன் கையிலதான் வரும்" என்றேன்.

திங்கட்கிழமை வேன் வந்தது. வேன்காரர் இறங்கினார். கத்த வேண்டும் என்று ரெண்டு நாளாக வாயில் வைத்திருந்ததை எல்லாம் கத்தினேன். தெரு வேடிக்கை பார்த்தது. அவர் கேட்டுக்கொண்டே நின்றார்.

"எனக்கு ஒரு நாளைக்கு எத்தினி மெசேஜ் வருது ஆயா, எல்லாத்தையும் பாக்க முடியுமா? போன் எடுத்தது டிரைவரா இருக்கும். போவட்டும், படிக்கட்டும். வரலாறா? நல்லது. மூணு வருஷம் கழிச்சு வந்தா வேற லைன்ல போடலாம்."

தெருவில் யாரும் என் பக்கம் பேசவில்லை. அவரவர் கேஸும், ரேஷன் கார்டும், பிள்ளைகளின் மார்க்கும் அவர் பாக்கெட்டில் இருக்கிறது. மருமகள்கூட, "சத்தம் போட்டிருக்க வேணாம் அத்தை" என்றாள். அந்த வாரமே என் மகனை லைனிலிருந்து எடுத்து லோடு ஏற்றுகிற இடத்தில் போட்டார்கள். காரணம் சொல்லவில்லை. மாடிப் பெண் ரூமைக் காலி செய்துவிட்டது. எங்கே போயிருக்கிறது என்று கேட்டதற்கு அதன் கூட இருந்தவள், "வேற கம்பெனிக்கு மாத்திட்டாவ ஆச்சி" என்றாள். யார் மாற்றினார்கள் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பெரியது தினமும் ரயிலில் போய் வருகிறது. ராஜாக்கள் சண்டையைப் படித்துவிட்டு வந்து சோறு நிறையத் தின்கிறது. கணக்குப் புஸ்தகத்தைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடவில்லை, திறக்கவும் இல்லை. அதற்கு உள்ளே என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், போன வாரம் சின்னது காலாண்டுப் பரீட்சை பேப்பரோடு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது வேன் அதன் பக்கத்தில் மெதுவாக வந்திருக்கிறது. "என்னா பாப்பா, கணக்குல கொறஞ்சிபோச்சாமே" என்று கேட்டிருக்கிறார். பேப்பரை அது இன்னும் வீட்டிலேயே காட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் இதற்கு யார் நம்பர் கொடுத்திருக்கிறது என்று மருமகளைக் கேட்டேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "மாத்தணும் அத்தை" என்றாள். மாத்திட்டேன் என்று சொல்லவில்லை.

நான் சொன்னால் சண்டை ஆகிறது. அதனால் எழுதினேன். சின்னது அந்தப் பக்கம் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஏ சின்னக்குட்டி, அதைக் கீழே வை. இங்கே வா, இதை எடுத்து முதலிலிருந்து சத்தமாகப் படி. என் எழுத்து கோணலாக இருக்கும், பரவாயில்லை, நின்று நின்று படி. அடுப்படி வரைக்கும் கேட்கட்டும்.